எல்லாரும் உதவும் வார்டில் ஏன் இத்தனை ஊசிக்குத்து?

எம்எஸ்சி மாணவி · 3 ஜூன் 2025, இரவு 9.12

எம்எஸ்சி நர்சிங் இரண்டாம் வருஷம், சென்னை. ஆய்வுத் தலைப்பு: வார்டின் பாதுகாப்புச் சூழலும், செவிலியர்கள் தாமாக முன்வந்து செய்யும் உதவியும். படித்தவரை சூழல் நன்றாக இருந்தால் உதவி கூடும், உதவி கூடினால் விபத்து குறையும். முன்னோட்டமாகப் பார்த்த ஒரு மெடிக்கல் வார்டில் இந்தக் கணக்கு உதைக்கிறது. யாரும் கேட்காமலே ஒருவருக்கொருவர் ஓடி ஓடிச் செய்கிறார்கள். ஊசிக்குத்தோ (நோயாளிக்குப் போட்ட ஊசி தவறிப் பணியாளரைக் குத்துவது) பேச்சில் நிறைய வருகிறது, பதிவேட்டில் ஒன்றுகூட இல்லை. உதவுகிற வார்டுதானே பாதுகாப்பான வார்டு? எங்கே தப்பு?

வார்டு நோட்டு · 3 ஜூன், இரவு 10.05

தப்பு அந்தத் "தானே"யில் இருக்கிறது.

பேச்சு நிறைய, பதிவேடு காலி என்றாலே சூழல் என்னவென்று தெரிந்துவிட்டது. கேள்வித்தாளே தேவையில்லை. (பட்டம் வேண்டுமே, கொடுத்துத்தான் ஆகவேண்டும்.)

பாதுகாப்புச் சூழல் என்பதை நர்சிங் ஸ்டேஷன் சுவரில் ஒட்டிய கைகழுவும் போஸ்டர் என்று நினைத்துவிடாதே. இந்தச் சொல்லை 1980இல் ஆராய்ச்சிக்குக் கொண்டுவந்த டோவ் சோஹர் பார்த்தது இஸ்ரேல் தொழிற்சாலைகளை. பின்னாளில் அவர் அழுத்திச் சொன்னது இது: வேகமும் பாதுகாப்பும் மோதும் நேரத்தில் மேலே இருப்பவர் எதை எடுக்கிறார் என்று கீழே இருப்பவர்கள் கண்டுவைத்திருப்பதுதான் சூழல்.

வார்டில் அது இப்படி வரும். ரவுண்ட்ஸுக்கு டாக்டர் வந்தாயிற்று, ஆறு பேருக்கு ஆன்டிபயாடிக் பாக்கி, பயன்படுத்திய ஊசியைப் போடும் ஷார்ப்ஸ் டப்பா நிரம்பி ஊசி வெளியே எட்டிப் பார்க்கிறது. இன்சார்ஜ் சிஸ்டர் "டப்பாவை மாத்திட்டு வா, டோஸ் பத்து நிமிஷம் தள்ளட்டும்" என்கிறாரா, "அதெல்லாம் அப்புறம், முதல்ல மருந்தைப் போடு" என்கிறாரா? புதிதாகச் சேர்ந்த பெண் இரண்டே வாரத்தில் இதைப் படித்துக்கொள்வாள். இன்டக்ஷனில் காட்டிய ஸ்லைடெல்லாம் அதோடு போச்சு.

வார்டு நோட்டு · 4 ஜூன், காலை 6.50

நேற்று பாதியில் விட்டது. உதவியில் இரண்டு ரகம்.

5 மி.லி. சிரிஞ்சு தீர்ந்துவிட்டது. பக்கத்து வார்டு சிஸ்டர் இருபது கொடுத்துவிடுகிறார். வேலை நடந்தது, எல்லாருக்கும் சந்தோஷம். ஸ்டோரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தட்டுப்பாடு இருந்ததே தெரியாது, அதனால் ஸ்டோரிலிருந்து கேட்டு வாங்கும் இன்டென்ட் அளவு மாறாது, நாளைக்கும் தீரும். இது ஓட்டையை அடைக்கும் உதவி.

"இந்த வாரத்தில் மூன்றாம் முறை கடன் வாங்கினோம், 5 மி.லி. அளவைக் கூட்டுங்கள்" என்று யாராவது எழுதினால் அது ஓட்டையைக் காட்டும் உதவி. நன்றி கிடைக்காது. சில இடங்களில் திட்டு கிடைக்கும்.

அனிதா டக்கரும் ஏமி எட்மண்ட்சனும் அமெரிக்காவில் 9 மருத்துவமனைகளில் 26 செவிலியர்களின் பின்னாலேயே நின்று பார்த்துவிட்டு 2003இல் எழுதியது இதைத்தான். சிக்கல் வந்தால் அங்கேயே சமாளித்துவிட்டு அடுத்த நோயாளிக்குப் போய்விடுகிறார்கள். காரணத்தைத் தேடுவதும் மேலே சொல்வதும் அபூர்வம். சோம்பல் இல்லை, நேரமில்லை. கூடவே "கையில இருக்கிறத வச்சு ஓட்டுறவதான் நல்ல நர்ஸ்" என்ற பெருமையும்.

பாதுகாப்புச் சூழல் ஆய்வாளர்கள் கிரிஃபின், நீல் இருவரும் 2000இல் செய்த பிரிவினையையும் எடுத்துக்கொள். விதியைப் பின்பற்றுவது வேறு, பங்கெடுப்பது வேறு. கையுறை போடுவது விதி. புதுப் பெண் வெறுங்கையோடு, ட்ரிப் ஏற்றும் வென்ஃப்ளான் ஊசி போடப் போகும்போது "நில்லும்மா" என்பது பங்கெடுப்பு. முதலாவதை ஆடிட்டில் எண்ணிவிடலாம். இரண்டாவது டியூட்டி லிஸ்ட்டில் இல்லாத வேலை, சூழல் இருந்தால்தான் வரும்.

உன் வார்டில் கண்ட ஓட்டமெல்லாம் முதல் ரக உதவி என்பது என் ஊகம்.

இன்ஃபெக்ஷன் கண்ட்ரோல் சிஸ்டர் · 4 ஜூன், மதியம் 2.40

ஊகம் எதற்கு? அந்த வார்டில் ஊசி யாருக்குக் குத்துகிறது என்று கேட்டாளா? ஊசி போட்டவருக்கா, ட்ரேயை எடுத்தவருக்கா?

"நீ போய் போனை எடு, ட்ரேயை நான் பார்த்துக்கிறேன்." வார்டில் ஆயிரம் தடவை கேட்கிற வாக்கியம், பாசமான வாக்கியம். அந்தக் கிட்னி ட்ரேயில் பஞ்சுக்கடியில் வென்ஃப்ளானின் ஸ்டைலெட் (உள்ளே இருக்கும் கூர் ஊசி) கிடப்பது போட்டவளுக்குத்தான் தெரியும், எடுக்க வந்தவளுக்குத் தெரியாது. அள்ளி எடுக்கும்போது குத்தும். அவளும் கவனிக்காமல் கொட்டினால் சிவப்புப் பைக்குள் போய், பையைத் தூக்கும் ஹவுஸ்கீப்பிங் அம்மாவின் தொடையில் குத்தும். அந்த அம்மாவுக்குப் பெரும்பாலும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் முடிந்திருக்காது. கான்ட்ராக்டர் மாறும்போது அட்டையும் காணாமல் போகும்.

ஆகவே விதி ஒன்றே ஒன்று: ஊசியைப் பயன்படுத்திய கைதான் அதை டப்பாவில் போட வேண்டும். இதில் உதவி கிடையாது. உதவணும் என்றால் போனை எடுங்கள், டப்பாவைக் கட்டில் பக்கம் கொண்டுவந்து வையுங்கள்.

டப்பா முக்கால் நிரம்பினால் அதை மூடிவிட்டு வேறு டப்பா வைக்கவும். ஊசிக்கு மூடிபோட்டுத்தான் தீரவேண்டிய இடத்தில் ஒரு கையால் மட்டும்: மூடியைத் தட்டையான இடத்தில் வைத்து ஊசியால் அள்ளுவது. இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி ஊசி, பிளேடு வெள்ளை டப்பாவில். ஐவி ட்யூப், கையுறை சிவப்பில். உடைந்த ஆம்ப்யூல் நீலத்தில். ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சளில். ஆம்ப்யூலைச் சிவப்புப் பையில் போட்டுவிட்டு "கண்ணாடிதானே" என்பவர்கள் எல்லா வார்டிலும் ஒருத்தராவது உண்டு.

எம்எஸ்சி மாணவி · 4 ஜூன், இரவு 8.30

இப்போதுதான் போய்க் கேட்டேன். ஐந்து பேரில் நாலு பேருக்குக் குத்தியது அடுத்தவர் ட்ரேயை எடுக்கும்போது! யாருமே எழுதிக் கொடுக்கவில்லை. "யாரோட ஊசின்னு கேப்பாங்க, அவளை மாட்டிவிடணுமா" என்கிறார்கள். குத்தியதும் சிலர் பிதுக்கி ரத்தத்தை எடுத்தார்களாம், ஒருவர் ஹைப்போவில் (கிருமி கொல்லும் ப்ளீச் கரைசல்) கையை முக்கினாராம். சரியா?

வார்டு நோட்டு · 4 ஜூன், இரவு 8.55

இரண்டும் கூடாது. பிதுக்காதே, வாயில் வைக்காதே, ஹைப்போ, ஸ்பிரிட் எதுவும் ஊற்றாதே. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவு. உடனே கேஷுவல்டிக்கோ, பணியாளர் நலன் பார்க்கும் டாக்டரிடமோ போ. ஹெச்ஐவி தடுப்பு மருந்து தேவை என்று முடிவானால் முதல் டோஸ் 2 மணி நேரத்துக்குள் விழுந்தால் நல்லது, 72 மணி தாண்டினால் பயன் இல்லை. மொத்தம் 28 நாள். பாதியில் நிறுத்துவதுதான் பெரிய சிக்கல். நோயாளியின் ரத்த ரிசல்ட் வரட்டும் என்று முதல் டோஸுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். குத்து வாங்கியவருடைய அடிப்படை ரத்தப் பரிசோதனை அன்றைக்கே எடுத்தாகவேண்டும். அந்தத் தாள் இல்லாவிட்டால் பிறகு எதையும் நிரூபிக்க முடியாது. சந்தேகம் கேட்க 1097, எய்ட்ஸ் உதவிக்கான இலவச எண்.

பயத்தின் அளவையும் சொல்லிவிடுகிறேன். ஹெச்ஐவி உள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3%. ஹெபடைட்டிஸ் பி, தடுப்பூசி போடாதவருக்கு 30% வரை போகும். எல்லாரும் முதலாவதை நினைத்து நடுங்குகிறார்கள், இரண்டாவதற்கு 0, 1, 6 மாதத்தில் மூன்று ஊசி இருக்கிறது, போடுவதில்லை. போட்டவர்களும் ஊசி பலித்ததா என்று காட்டும் ஆன்டிபாடி அளவு 10க்கு மேல் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

ஹைப்போ தரையில் சிந்திய ரத்தத்துக்கு. 5% ஸ்டாக்கில் ஒன்றுக்கு ஐந்து தண்ணீர் சேர்த்து 1% ஆக்கிக்கொள்.

இன்ஃபெக்ஷன் கண்ட்ரோல் சிஸ்டர் · 4 ஜூன், இரவு 9.20

ஒன்றுக்கு நாலு! 1 பங்கு ஹைப்போ, 4 பங்கு தண்ணீர், மொத்தம் ஐந்து. 200 மி.லி.க்கு 800 மி.லி. நீங்கள் சொன்ன கணக்கில் 0.83% தான் வரும். எல்லா வார்டிலும் இதே தப்பு, "அஞ்சு" என்பது மட்டும் மனசில் நிற்கிறது.

வார்டு நோட்டு · 4 ஜூன், இரவு 9.26

மாட்டினேன். திருத்தத்தை ஏற்கிறேன், மேலே உள்ளதை அழிக்கவில்லை. ஒருவர் தப்பாக எழுதி இன்னொருவர் ஆறு நிமிஷத்துக்கு முன் திருத்தியது நாலு பேர் பார்க்கும்படி கிடக்கட்டும். வார்டில் நடக்கவேண்டியதும் இதுதான். அங்கே இதே திருத்தத்தைச் சொன்னால் "நீ யாருடி சொல்ல" என்று வரும், இங்கே முகம் தெரியாததால் தப்பித்தேன்.

மேலும் ஒன்று. சென்னை வெயிலில் கலக்கிவைத்த ஹைப்போ சீக்கிரம் பலம் இழக்கும். தினமும் புதிதாகக் கலக்கு, ஒளி புகாத பாட்டிலில் வை, மேலே தேதியும் நேரமும் எழுது.

நைட் இன்சார்ஜ் · 6 ஜூன், காலை 9.15

நைட் முடிந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

உதவி உதவி என்று பேசுகிறீர்கள், ஆள் எத்தனை என்று யாரும் கேட்கவில்லை. இந்திய நர்சிங் கவுன்சில் சொல்வது கற்பிக்கும் மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒருவர், பொது மருத்துவமனையில் 5க்கு ஒருவர், ஐசியுவில் ஒன்றுக்கு ஒன்று. இரவில் 30 கட்டிலுக்கு இரண்டு பேர் நிற்கிற வார்டுகளில் "தாமாக முன்வந்து" என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்? அவள் வராவிட்டால் இவள் சாவாள், அதனால் வருகிறாள்.

80 கிலோ நோயாளியைத் திருப்புவதையே பாருங்கள். அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு நோயாளியைக் கையால் தூக்கும்போது ஒருவர்மேல் விழும் பளு 16 கிலோவைத் தாண்டக் கூடாது என்கிறது. கணக்குப் போட்டால் நாலு பேர் போதாது. இரவில் இரண்டு பேரும் ஒரு ஆயாவும். அப்போது தூக்காதீர்கள், இழுங்கள். நோயாளிக்கு அடியில் போடும் டிரா ஷீட் (இழுக்க மடித்த விரிப்பு) தோளிலிருந்து தொடைவரை இருக்க வேண்டும். கட்டில் பிரேக் போடணும். தலையணையை எடுத்துக் கட்டிலின் தலைமாட்டுக் கம்பிக்கு அணைவாக நிறுத்தணும், இல்லாவிட்டால் மேலே இழுக்கும்போது மண்டை இடிக்கும். யூரின் பையும் ட்ரிப் லைனும் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்கணும். தலைப்பக்கம் நிற்பவர் ஒருவர் மட்டும் எண்ணணும். இரண்டு பேர் எண்ணினால் ஒருவர் "மூணு"க்கும் இன்னொருவர் "மூணு" முடிந்தும் இழுப்பார், முதலில் இழுத்தவர் முதுகு போச்சு.

நோயாளியோடு வந்திருக்கும் அட்டெண்டரைப் பிடித்துக்கொள்ளச் சொல்வது எல்லா இடத்திலும் நடக்கிறது. அவருக்குப் பிடி தெரியாது, கை நழுவினால் அதற்கும் பதில் சொல்லவேண்டியது சிஸ்டர்.

வார்டு நோட்டு · 6 ஜூன், மதியம் 1.10

நைட் இன்சார்ஜ் மேம் சொன்னதற்கு ஆராய்ச்சியில் பெயரே உண்டு. எரான் விகோடா-கதோத் 2006இல் எழுதினார்: கட்டாயத்தின் பேரில் நடக்கும் "நல்ல குடிமகன்" நடத்தை. வெளியே பார்க்க உதவி, உள்ளே மறுக்க முடியாத வேலை. மாணவியின் கேள்வித்தாளில் "என் நேரம் முடிந்த பின்னும் இருந்து உதவுவேன்" என்று ஒரு வரி நிச்சயம் இருக்கும். எல்லாரும் ஐந்துக்கு 5 போடுவார்கள். அதைத் தன்னார்வம் என்று கூட்டினால் ஆய்வு முழுக்கப் பொய்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மாற்று ஆள் வர வழியில்லாத நாட்களில் இருந்து பார்த்துக்கொள்வது ஒரு ரகம். சாதாரண நாளில், லீவுக்கு ஆள் போடாததால் அதே பெண் மதியமும் தொடர்வது வேறு ரகம். 2004இல் ஆன் ராஜர்ஸ் குழு கண்டது: 12.5 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்யும்போது தவறு நேரும் வாய்ப்பு மூன்று மடங்கு. ஆக அந்த "உதவி"யே ஆபத்தின் ஊற்று.

அந்த வரியை இரண்டாக உடை. "இருந்து உதவினேனா" என்பது ஒன்று, "முடியாது என்று சொல்லியிருக்கலாமா, சொன்னால் அடுத்த மாத டியூட்டி சார்ட்டில் தெரியுமா" என்பது இன்னொன்று.

எம்எஸ்சி மாணவி · 6 ஜூன், இரவு 9.40

அக்கா, அப்படி எழுதினால் நர்சிங் சூப்பிரண்டு அனுமதியே தரமாட்டார்.

வார்டு நோட்டு · 6 ஜூன், இரவு 10.02

"அடுத்த மாத சார்ட்" என்பதை எடுத்துவிடு, "மறுத்தால் சிரமம் வரும் என்று நினைக்கிறேன்" என்று வை. பொருள் போகாது.

அதைவிட முக்கியம், தாளை யார் வாங்குகிறார்கள் என்பது. இன்சார்ஜ் கையில் திரும்பக் கொடுக்கும் கேள்வித்தாளில் எல்லா வார்டும் சொர்க்கம்தான். ஒட்டிய கவர், பூட்டிய பெட்டி, பெட்டி வார்டுக்கு வெளியே. வயது, சேர்ந்த வருஷம், வார்டு மூன்றையும் கேட்டால் 12 பேர் உள்ள வார்டில் பெயர் எழுதியதற்குச் சமம். வயதை விடு, அனுபவத்தை "2 வருஷத்துக்குக் குறைவு, 2 முதல் 5, அதற்கு மேல்" என்று மூன்று கட்டமாகக் கேள். வார்டு அடையாளம் மட்டும் கண்டிப்பாக வேண்டும். சூழல் என்பது ஆளுடைய மதிப்பெண் இல்லை, வார்டுடையது. ஒரே வார்டில் ஒருவர் 5, இன்னொருவர் 1 என்றால் சராசரி 3 என்று எழுதிவிடாதே, அங்கே பகிர்ந்த சூழலே இல்லை என்று அர்த்தம்.

மொழியும் பார். சென்னைத் தனியார் மருத்துவமனைகளில் மலையாளச் சகோதரிகள் நிறைய, மணிப்பூரிலிருந்து வந்தவர்களும் உண்டு. தமிழ்த் தாள் மட்டும் போதாது. தமிழில் மொழிபெயர்த்ததை வேறொருவரை வைத்து மூலமொழிக்குத் திருப்பி ஒப்பிட வேண்டும். "நியர் மிஸ்" என்பதைத் "தவறிய தவறு" என்று போட்ட ஒரு தாள் சுற்றிவருகிறது. படிக்கிறவர் தவறு நடந்ததா நடக்கவில்லையா என்று தலையைச் சொறிவார். "நோயாளியிடம் போகுமுன் பிடிபட்ட தவறு" என்றே எழுதிவிடு.

நைட் இன்சார்ஜ் · 8 ஜூன், காலை 8.50

அந்த வகைத் தவறுக்கு நம் ஊர் உதாரணம் இன்சுலின். இங்கே மி.லி.க்கு 40 யூனிட் வயலும் (மருந்துக் குப்பி) உண்டு, 100 யூனிட் வயலும் உண்டு. சிரிஞ்சும் அதேபோல: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் வயலிலிருந்து 40 சிரிஞ்சில் "20" கோடுவரை எடுத்தால் உள்ளே போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு. நள்ளிரவில் சர்க்கரை இறங்கும், நோயாளி தூங்குவதாக நினைப்போம். அவசரத்தில் "சிரிஞ்சு இல்லையா, இந்தா" என்று பக்கத்து வார்டு கொடுப்பது எந்த மூடி என்று பார்க்கணும். மேலே சொன்ன சிரிஞ்சுக் கடன் இங்கே உயிரோடு விளையாடும்.

இரண்டாவது பொட்டாசியம் குளோரைடு, 10 மி.லி. ஆம்ப்யூலில் 20 மில்லி ஈக்குவலன்ட். நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். சாதா மருந்து ட்ரேயில் இருக்கக் கூடாது, பூட்டில் வைக்கணும்.

இரண்டு பேர் சரிபார்ப்பது என்றால் முதலாமவர் "20 யூனிட் சரியா பாரு" என்று காட்டுவது இல்லை. அப்படிக் கேட்டால் யாரும் "சரி" என்றுதான் சொல்வார்கள். இரண்டாமவர் கேஸ் ஷீட்டைத் தானே பார்த்து, தானே கணக்குப் போட்டு, அதன்பின் சிரிஞ்சைப் பார்க்கணும்.

வார்டு நோட்டு · 9 ஜூன், இரவு 11.20

மேம் சொன்னதைப் படித்ததும் என் 4ஆம் தேதிக் குறிப்பில் ஒரு இடத்தைத் திரும்பப் பார்க்கவேண்டியதாயிற்று. முதல் ரக உதவியை மட்டம்தட்டிவிட்டேன். சிரிஞ்சு இல்லாமல் நோயாளி காத்திருக்க, "முதலில் ஸ்டோருக்குக் கடிதம்" என்று யாரும் நிற்க முடியாது, நிற்கவும் கூடாது. கடன் வாங்கட்டும். வாங்கிய பின் எழுத இடம் இருக்கிறதா என்பதே கேள்வி. பெரும்பாலான இன்சிடென்ட் படிவம் நாலு பக்கம், ஆங்கிலம், முதல் கட்டத்திலேயே "தவறு செய்தவர் பெயர்". பன்னிரண்டு மணி நேரம் நின்ற பெண் அதைத் தொடுவாளா?

வேலை செய்கிற ஏற்பாடு ஒன்று: 200 பக்க நோட்டு, மேஜையோடு நூலில் கட்டிய பேனா. தேதி, நேரம், என்ன நடந்தது, ஒரே வரி. பெயர் வேண்டாம். டியூட்டி மாறும் ஹேண்டோவரில் கடைசி இரண்டு நிமிஷம் அதை வாய்விட்டுப் படிப்பது. வாரம் ஒரு முறை இன்சார்ஜ் ஒரே ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து அதைச் சரிசெய்து, அந்த வரிக்கு எதிரில் "முடிந்தது" என்று எழுதுவது. அந்தச் சொல் மூன்று வாரம் வராவிட்டால் நோட்டு செத்துவிடும், பிறகு அதில் சாயா கணக்குத்தான் இருக்கும். குத்து வாங்கியவருக்கு இந்த நோட்டு போதாது, அவருக்கு முறையான படிவமும் ரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போடாதீர்கள். அது ரிப்போர்ட் இல்லை, பஞ்சாயத்து. ஸ்கிரீன்ஷாட் மாடி ஏறிவிடும்.

இன்ஃபெக்ஷன் கண்ட்ரோல் சிஸ்டர் · 10 ஜூன், மாலை 4.05

நோட்டு வைத்த முதல் மாதம் எண்ணிக்கை ஏறும். நிர்வாகம் பதறும். எட்மண்ட்சன் 1996இலேயே காட்டியது: நல்ல தலைமை உள்ள யூனிட்களில் மருந்துத் தவறு *அதிகமாக* வெளிப்பட்டது, மற்ற இடங்களில் அது மறைக்கப்பட்டது. மாணவி தன் ஆய்வில் "பதிவான விபத்து குறைவு = சூழல் நல்லது" என்று வைத்தால் தலைகீழ் முடிவுதான் வரும்.

எம்எஸ்சி மாணவி · 10 ஜூன், இரவு 9.00

வைத்திருந்தேன். மாற்றிவிட்டேன். பதிவேட்டை விட்டுவிட்டு, "கடந்த 6 மாதத்தில் ஊசி குத்தியதா, எத்தனை முறை, அதில் எத்தனையை எழுதிக் கொடுத்தீர்கள்" என்று மூன்று கேள்வி. "குத்தும்போது அந்த ஊசியைப் பயன்படுத்தியவர் நீங்களா, வேறொருவரா" நாலாவது.

வார்டு நோட்டு · 10 ஜூன், இரவு 9.18

நாலாவதில்தான் உன் ஆய்வே இருக்கிறது. ஹவுஸ்கீப்பிங் அம்மாக்களிடமும் கேள், தாளில் வேண்டாம், உட்கார்ந்து பேசிக் குறித்துக்கொள். எதிக்ஸ் கமிட்டி மனுவில் அவர்களைத் தனியாகச் சேர்க்கணும், இப்போதே எழுது, பிறகு சேர்த்தால் இன்னொரு முறை உட்கார வைப்பார்கள்.

நைட் இன்சார்ஜ் · 11 ஜூன், காலை 9.05

எல்லாம் சரி, அட்டெண்டர் அடிக்க வருவதை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்? தமிழ்நாட்டில் 2008இலிருந்து மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் டாக்டருக்குக் கத்திக்குத்து. அதுவும் பாதுகாப்புச் சூழல்தான். ஒருத்தியிடம் கத்தும்போது இன்னொருத்தி போய்ப் பக்கத்தில் நிற்கிறாளே, அது எந்த ரக உதவி?

வார்டு நோட்டு · 11 ஜூன், மதியம் 12.30

பக்கத்தில் நிற்பது ஓட்டை அடைப்பு, செக்யூரிட்டியின் வேலையை இவர்கள் செய்கிறார்கள். ஆனாலும் நிற்கட்டும் மேம், கதவுப் பக்கம் வழிவிட்டு நிற்கட்டும். இது தனி இழைக்கு உரியது, இங்கே தொடங்கினால் பாவம், அவள் எம்எஸ்சி முடிக்கமாட்டாள்.

மாணவிக்கு: பெட்டிக்குப் பூட்டு வாங்கினால் சாவியை நீயே வைத்துக்கொள். "என்கிட்ட கொடும்மா, பத்திரமா இருக்கும்" என்று யாராவது உதவ வருவார்கள்.